இருதயசெல்வி வைத்த கேமரா

திண்டிவனம் மேம்பாலத்துக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு கடை இருக்கிறது. செல்போன் ரிப்பேர், கேமரா மாட்டுவது, இரண்டும் உண்டு. நகைக்கடைக்காரர், அடகுக்கடைக்காரர், மருமகளை நம்பாத மாமியார் என்று பல பேர் வருவார்கள். திருடன் யாரென்று தெரியாமல் கேமரா கேட்பவர்கள் இவர்கள். திருடன் பேர், அவன் லாரி நம்பர், அவன் வரும் கிழமை, நேரம் எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டு, "எல்லாம் தெரியும் தம்பி, படம் மட்டுந்தான் இல்ல" என்று சொன்னவர் ஒரே ஒருவர்தான். அவர் பேர் இருதயசெல்வி. ஊர் பேரை நான் எழுதப்போவதில்லை. மயிலத்துக்கும் திருவக்கரைக்கும் நடுவில் என்று வைத்துக்கொள்ளுங்கள், போதும்.

2014 ஆகஸ்டில் ஒரு மத்தியானம் வந்தார். மல்லாட்டைக்கு, அதாவது வேர்க்கடலைக்கு, களை வெட்டிவிட்டு நேராக பஸ் ஏறியிருக்க வேண்டும், விரல் இடுக்கில் செம்மண் காயாமல் இருந்தது. கையில் ஒயர் கூடை. நான் ஒரு போனைத் திறந்து போட்டுக்கொண்டு எரிச்சலில் இருந்தேன்.

"கேமரா மாட்டற வளன்னு சொல்றது நீதான? எங்கேர்ந்து வேணா போன்ல பாக்கலாமாமே, மெய்யா?"

"பாக்கலாம்க்கா. எங்க மாட்டணும், வூடா, கடையா?"

"கல்லறைல."

"ஏன், செத்தவங்க எழுந்து ஓடிடுவாங்கன்னா?" என்றேன். எனக்கு வாய்க்கொழுப்பு அதிகம், என் பெண்டாட்டியும் அதைத்தான் சொல்வாள்.

அக்கா சிரிக்கவில்லை. "அவங்க ஓடல. ஒருத்தன் வாரிக்கினு போறான்" என்றார். பிறகு கூடையைக் கீழே வைத்துவிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு, நான் உட்காரச் சொல்வதற்கு முன்பே உட்கார்ந்தார்.

அவர் எப்படிப்பட்ட ஆள் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். விழுப்புரம் தனி மாவட்டமான 1993ஆம் வருஷம், அதே மாதம், கல்யாணமாகி அந்த ஊர்க் காலனிக்கு வந்தவர். புருஷன் ஞானராஜ் பெங்களூரில் கட்டட வேலை. பொங்கலுக்கும் ஈஸ்டருக்கும் வருவார், வந்தாலும் பேசமாட்டார். பேச்சையெல்லாம் அக்காவே பேசிவிடுவார். கன்னியாஸ்திரிகள் பள்ளியில் எட்டாவது வரை படித்ததால் காலனிக்கு மனு எழுதுவது அவர் வேலையாகிப்போனது. நிலம் கிடையாது. நடவு, களை, மல்லாட்டை பிடுங்குவது, நூறு நாள் வேலை, இவ்வளவுதான் பிழைப்பு.

டவுன் பஸ் கதையை அந்தப் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஊருக்குள் நிற்கும் பஸ் காலனி ஸ்டாப்பில் நிற்காது. போர்டு இருக்கும், பஸ் பறந்துவிடும். ஒருநாள் அக்கா தலையில் கேப்பை மூட்டையோடு ரோட்டுக்கு நடுவில் போய் நின்றார். டிரைவர் ஆரன் அடித்தார், திட்டினார், கடைசியில் இறங்கி வந்து, "இன்னாம்மா, சாவணுமா?" என்றார். "நான் ஸ்டாப்பிங்லதான் நிக்கறேன். நீ எங்க நிக்கணும்னு போர்டப் பாத்து தெரிஞ்சிக்க" என்றார் அக்கா. அடுத்த ஏழு நாளும் அதே இடத்தில் அதே மூட்டையோடு நின்றாராம். எட்டாவது நாளிலிருந்து பஸ் தானாக நிற்கிறது. இன்றைக்கும் நிற்கிறது.

அவருக்கு மூத்தவன் பிரான்சிஸ். ஒன்பது வருஷம் கழித்து ஒரு பெண் பிறந்தது. வெனிலா என்று பேர் வைத்தார். ஞானஸ்நானத்தன்று கோயில் உபதேசியார், "ஐஸ்கிரீம் பேரையா வெக்கிற?" என்று கேட்க, "தேன்மொழின்னு வெச்சா கேக்கமாட்ட, வெனிலான்னு வெச்சா கேக்கறியா?" என்று அவர் வாயை அடைத்தாராம். 2009 மழைக்காலத்தில் மூன்று நாள் காய்ச்சலில் வெனிலா போய்விட்டாள். ஆறு வயது. அக்கா அதைப் பற்றி என்னிடம் ஒரே ஒரு தடவைதான் பேசினார். அதற்கு மேல் எனக்கும் எழுத மனம் வரவில்லை.

காலனிக் கல்லறை ஏரியை ஒட்டிய ஒரு செம்மண் மேடு. நடுவில் பெரிய சிலுவை. ஏரிப் பக்கமாக ஓரத்தில் குழந்தைகளுக்கென்று ஒரு வரிசை. அதில் கடைசி வெனிலா. மாசிலாமணி என்ற லாரி முதலாளிக்கு ஏரியில் வண்டல் எடுக்க பர்மிட் இருந்தது. வண்டலை யார் வாங்குவார்கள்? ரோட்டோரம் மனை போடுகிறவர்களுக்கு நிரவ நல்ல செம்மண் வேண்டும். அது கல்லறை மேட்டில்தான் இருந்தது. ஜேசிபி ஏரிக்குள் இறங்குவதுபோல இறங்கி மேட்டைக் கடிக்க ஆரம்பித்தது.

அதிலும் ஒரு சாமர்த்தியம். அந்தப் பங்குக்கு, அதாவது ஒரே பாதிரியார் பார்க்கும் வட்டாரத்துக்கு, பதினெட்டு கிராமம். சாமியார் இந்தக் காலனிக்குப் பூசை வைக்க மாதத்தில் இரண்டாவது ஞாயிறு மட்டும்தான் வருவார். காலை ஏழரைக்குப் பூசை. அன்றைக்குக் கைக்குழந்தையிலிருந்து கிழவி வரை எல்லாரும் கோயிலுக்குள் இருப்பார்கள். கல்லறை அரை மைல் தள்ளி. மாசிலாமணியின் ஜேசிபி சரியாக அந்த ஒன்றரை மணி நேரத்தில்தான் வரும். "எங்க பூசை டைம் எங்களவிட அவனுக்கு நல்லா தெரியும் தம்பி. ஒரு மாசம் சாமியார் லேட்டா வந்தாரு, அவனும் லேட்டாதான் வந்திருக்கான்" என்றார் அக்கா.

மனு கொடுத்தார். எந்த ஆபீஸ் என்று சொல்லப்போவதில்லை. எடுத்தது யார், பார்த்தது யார், ஆதாரம் எங்கே என்று கேட்டு அனுப்பிவிட்டார்கள். சாமியாரிடம் சொன்னதற்கு, "பொறுமையா இருங்கம்மா, ஜெபம் பண்ணுவோம்" என்றார். ஜூலையில் வெனிலாவின் கல்லறைக்கும் பள்ளத்துக்கும் நடுவில் அக்கா எட்டு வைத்து அளந்ததில் பத்து எட்டு இருந்தது. ஆகஸ்டில் ஆறு.

எனக்கு ஒரு சங்கடம் இருந்தது. மாசிலாமணி என் கஸ்டமர். அவர் ரைஸ் மில்லில் எட்டு கேமரா மாட்டியவன் நான்தான். அதை மறைக்காமல் சொன்னேன், வேறு யாரையாவது பாருங்கள் என்றும் சொன்னேன்.

"அவனுக்கு மாட்டினவன் எனக்கும் மாட்டு. அவன் ஆளுங்கள அவன் பாக்கட்டும், அவன நாங்க பாக்கறோம்."

"எம் பேரு வெளிய வந்தா எனக்கு பேஜாருக்கா."

"பேஜாரு எனக்கு இல்லியா? நீ பொட்டப்புள்ள பெத்தவன்தான?"

சுவரில் என் மகள் ஸ்கூல் யூனிபாரத்தில் இருக்கும் படம் மாட்டியிருந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். எனக்குக் கோபம் வந்தது. அவர் மேல் இல்லை. சரி என்றேன்.

வேலை நினைத்ததுபோல் சுலபமாக இல்லை. கல்லறையில் கரண்ட் கிடையாது, ஒயர் இழுக்க வழி கிடையாது. சிம் போட்டு நெட் தரும் டாங்கிளில்தான் ஓட வேண்டும். கையில் இருந்த பழைய கேமராவோடு அதைச் சேர்த்துக் கடையில் வைத்துப் பார்த்தால் படம் ஜம்மென்று வருகிறது. வெளியே டீக்கடைக்குப் போய்ப் போனைத் திறந்தால் ஒன்றும் இல்லை. மூன்று நாள் தலையைப் பிய்த்துக்கொண்ட பிறகுதான் விஷயம் புரிந்தது. சிம்மில் ஓடும் கேமராவுக்குச் சொந்த விலாசம் கிடையாது. செல்போன் கம்பெனி ஆயிரம் பேரை ஒரே வாசலுக்குள் வைத்திருக்கிறது. உள்ளே இருப்பவர் வெளியே வந்து பேசலாம். வெளியே இருந்து நாம் போய் இன்னாரைக் கூப்பிடு என்றால் வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவார்கள். இதை அக்காவிடம் சொன்னேன்.

"அப்ப நம்ம தேடிப் போனா பாக்க முடியாது. அதுவா மனசு வெச்சி வெளிய வந்தாதான் உண்டு."

"ஆமாக்கா."

"ஆபீசருங்க மாதிரின்னு சொல்லு."

கடைசியில் புது மாதிரி கேமரா ஒன்றை சென்னையிலிருந்து வரவழைத்தேன். அதுவே நெட்டில் வெளியே போய் ஒரு பொது இடத்தில் காத்திருக்கும். அதன் வயிற்றில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் போனில் காட்டிவிட்டால் அங்கே போய் நாம் சந்தித்துக்கொள்ளலாம். கரண்டுக்கு அக்காவே வழி சொன்னார். வயலில் மருந்தடிக்கும் ஸ்பிரேயர் பேட்டரி ஒன்று காலனியில் சும்மா கிடந்தது. அதை ஒரு தகரப் பெட்டிக்குள் வைத்து, மேலே சின்ன சோலார் தகடு மாட்டினேன். கம்பத்துக்குப் பழைய போர் பைப்.

கல்லறை ஓரத்து வேப்பமரத்துக்குள் ஒளித்துவைக்கலாம் என்று நான் சொன்னதற்கு அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. பெரிய சிலுவைக்குப் பக்கத்தில், ஏரிக்கரையிலிருந்து பார்த்தாலே தெரிகிற இடத்தில் குழி தோண்டி வைத்திருந்தார்.

"பாத்தான்னா உடைப்பான்க்கா."

"உடைக்கட்டும். உடைக்க வர்றவன் மூஞ்சியும் அதுலதான விழும்? எங்க நெலத்துல நாங்க நிக்கறோம். நாங்க எதுக்கு ஒளியணும்?"

சிலுவைக்குப் பக்கத்திலேயே நட்டோம்.

அக்கா ஒரு பழைய டச் போன் வாங்கியிருந்தார். ஆப்பைத் திறந்தால் முதலில் ஒரு சக்கரம் சுற்றும். பிறகு படம் வரும். வந்த படமும் அடிக்கடி அப்படியே உறைந்து நின்றுவிடும். மயிலம் பக்கம் டவரிலிருந்து சிக்னல் தட்டுத்தடுமாறித்தான் வரும். சத்தமும் வராது, அதற்கு இன்னும் நெட் தின்னும் என்று நான் அணைத்துவைத்திருந்தேன். களை வெட்டும் இடத்தில் மற்ற பெண்கள் வெற்றிலை போடும் நேரத்தில் அக்கா போனை எடுத்து மகளைப் பார்த்துக்கொள்வார். மாடு வந்து கல்லறையில் மேய்ந்தால் எந்த வீட்டு மாடு என்று அங்கிருந்தே கூவுவார். அக்டோபர் கடைசி வாரம் நன்றாக ஓடியது.

நவம்பர் ஒன்றாம் தேதி சாயந்திரம் போன் செய்தார். "தம்பி, படம் வெள்ளையா வருது."

நான் பார்த்தேன். வெள்ளைதான். சிலுவை இல்லை, ஏரி இல்லை, வெறும் வெள்ளை. இரண்டு நாள் செல்போன் கம்பெனியைத் திட்டினேன். அடுத்த இரண்டு நாள் கேமரா விற்றவனைத் திட்டினேன். கஸ்டமர் கேரில் பேசிய பெண்ணைக்கூட விடவில்லை, பாவம். ஐந்தாம் நாள் வண்டியை எடுத்துக்கொண்டு நேரே போய்ப் பார்த்தால், கம்பம், தகரப் பெட்டி, கேமரா, கண்ணாடி எல்லாவற்றின் மேலும் சுண்ணாம்பு. நவம்பர் இரண்டு கல்லறைத் திருநாள் என்பதால் முந்தின நாள் காலனியே கூடி வெள்ளையடித்திருக்கிறது. கல்லறைத் திருநாளுக்கு அங்கே வெள்ளையடிக்காத பொருள் ஒன்று இருக்கக் கூடாது, வேப்பமரத்துக்கே இடுப்பு வரை அடித்துவைத்திருந்தார்கள். கேமராவுக்கு அடித்தது சின்னபொண்ணு என்ற எழுபது வயது அம்மா.

"ஏம்மா, கண்ணாடிமேல கூடவா அடிப்ப?"

"எல்லாத்துக்கும் அடிச்சிட்டு அத்த மட்டும் மொட்டையா வுட்டா நல்லாவா இருக்கும்? சாமியார் மந்திரிக்க வர்றப்ப பாக்க மாட்டாரா?" என்றார் அந்த அம்மா. செய்த வேலையில் அவருக்கு ஒரு குறையும் தெரியவில்லை. தேங்காய் எண்ணெயும் பஞ்சும் வைத்துத் துடைத்தேன். நான் திட்டிக்கொண்டே துடைத்தேன், அவர் பக்கத்தில் நின்று துடைக்காமல் விட்ட இடத்தைக் காட்டினார்.

நவம்பர் ஒன்பது, இரண்டாவது ஞாயிறு. அக்கா முந்தின நாளே சொல்லிவிட்டார், "நானும் தொறந்து வெச்சிக்கினு இருப்பேன், நீயும் தொறந்து வெச்சிக்கினு இரு. ஒருத்தருக்கு நின்னு போனாலும் இன்னொருத்தருக்கு ஓடும்." நான் பூசைக்குப் போகாமல் கடையைத் திறந்து உட்கார்ந்திருந்தேன். எட்டு மணி தாண்டியதும் ஏரிக்கரையில் மஞ்சளாக ஒன்று தெரிந்தது. ஜேசிபி. அதற்குப் பின்னால் இரண்டு டிப்பர். அதற்கும் பின்னால் புல்லட்டில், வெள்ளை வேட்டியில், மாசிலாமணியே வந்தார். பதிவுப் பொத்தானை அழுத்தினேன். ஜேசிபியின் கை மேலே போனது, அதோடு படம் நின்றுவிட்டது.

ஐந்து நிமிஷம் சக்கரம் சுற்றியது. ஐந்து நிமிஷம் எவ்வளவு நீளம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

படம் திரும்பி வந்தபோது அக்கா கல்லறையில் இருந்தார். காலில் செருப்பு இல்லை, கோயில் வாசலில் விட்டது விட்டபடி ஓடி வந்திருக்கிறார். வெனிலாவின் கல்லறை மேல் உட்கார்ந்திருந்தார். பள்ளத்துக்கும் அவருக்கும் நடுவில் ஒரே எட்டு. தலைக்கு மேலே பக்கெட். திரும்பவும் படம் நின்றது. பக்கெட் இறங்கியதா இல்லையா என்று தெரியாமல் நான் கடையில் நின்றுகொண்டு, "இறக்காதடா, இறக்காதடா" என்று கத்தினேன். இருபது கிலோமீட்டர் தள்ளி இருந்து கண்ணால் பார்க்க முடிகிறது, கையால் ஒன்றும் செய்ய முடியவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது, அதை மறைக்க இங்கே அவசியமில்லை.

அடுத்து வந்த படத்தில் பக்கெட் அப்படியே நின்றிருந்தது. அக்காவுக்குப் பின்னால் காலனி முழுவதும் ஞாயிற்றுக்கிழமைத் துணியில் நின்றது. நடுவில் சாமியார். பிரசங்கத்தை அப்படியே விட்டுவிட்டுப் பூசை உடுப்போடு வந்திருந்தார்.

அங்கே பேசியதைப் பிறகு சொன்னார்கள். மாசிலாமணி முதலில் நயமாகத்தான் ஆரம்பித்தாராம். "எழுந்துரு செல்வி. உம் பொண்ணுக்கு வேற எடத்துல நானே டைல்ஸ் போட்டு கட்டித் தர்றேன்."

"உங்கப்பனுக்குப் போடு டைல்ஸ். எம் பொண்ணு இங்கதான் இருப்பா."

"யாருகிட்ட வேணா போ. ஆதாரம் வெச்சிக்கினு கீறியா?"

அக்கா கம்பத்தைக் காட்டினார். "அதோ ஓடிக்கினு இருக்குது பாரு."

மாசிலாமணி சிரித்தார். வரும்போதே அதைப் பார்த்திருக்கிறார். "ஒயரு இல்ல, கரண்டு இல்ல. எம் மில்லுல எட்டு இருக்குது, எனக்கா தெரியாது? பொம்மைய காட்டி பூச்சாண்டி காட்டறியா?"

அக்கா உட்கார்ந்த இடத்திலிருந்தே போனை நீட்டினார். படம் பத்து விநாடி பின்தங்கித்தான் வரும். அந்தப் போனில் மாசிலாமணி, தான் சற்றுமுன் சிரித்த சிரிப்பைத் தானே பார்த்தார்.

அதன் பிறகு நடந்ததை நானே பார்த்தேன். டிப்பரிலிருந்து கடப்பாரையை உருவிக்கொண்டு நேரே கம்பத்துக்கு வந்தார். முகம் திரை முழுக்க வந்தது, நெற்றி வேர்வைகூடத் தெரிந்தது. ஒரு அடி. படம் கறுப்பாகிவிட்டது.

அடுத்து ஆளை விட்டு, "பொட்டிய எடுடா, பொட்டிய எடு" என்று தகரப் பெட்டியைப் பிடுங்கச் சொல்லியிருக்கிறார். இதில் என் பங்கும் உண்டு. அவர் மில்லில் கேமரா மாட்டியபோது, "எல்லாம் இந்தப் பொட்டிக்குள்ளதான் சார் இருக்கும், பொட்டி போச்சுன்னா எல்லாம் போச்சு" என்று சொல்லிக் கொடுத்தவன் நான். அவர் அதை மறக்கவில்லை. தான் செய்ததற்கான சாட்சியெல்லாம் அதற்குள் இருக்கிறது என்று நம்பி, ஒரு மருந்தடிக்கும் பேட்டரியை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார் மாசிலாமணி. படம் முழுக்க என் போனில் இருந்தது.

அன்றைக்கே நான் போய் அக்காவோடு மனுவில் சாட்சியாகக் கையெழுத்துப் போட்டேன். மில்லின் எட்டு கேமராவையும் மாசிலாமணி வேறு கடைக்கு மாற்றிவிட்டார். போகட்டும். ஆபீசர் படத்தை மூன்று தடவை போட்டுப் பார்த்துவிட்டு, "இதுல சத்தம் இல்லியே" என்றார்.

"மண்ண வாரறதுக்கு சத்தம் எதுக்குங்க சார்?" என்றார் அக்கா.

வண்டலுக்கு வாங்கிய பர்மிட்டில் செம்மண் எடுத்ததற்காகப் பர்மிட் ரத்தானது. டிப்பர் இரண்டும் ஸ்டேஷன் வாசலுக்குப் போயின. கல்லறைக்கு எல்லை அளந்து கல் நட உத்தரவு வந்தது. காலனியில் வெடி வெடித்தார்கள்.

டிசம்பரில் சர்வேயர் வந்தார். நல்ல மனுஷன், வெயிலில் நின்று நிதானமாக அளந்தார். நான்கு பக்கமும் அளந்து முடித்துவிட்டு ஏரிப் பக்கக் கல்லை நடும்போது தயங்கினார். அந்த வரிசையில் எல்லாக் குழந்தைகளும் கல்லுக்கு உள்ளே. வெனிலா மட்டும் வெளியே. 2009இல் வேப்பமர வேர் குறுக்கே வந்ததால் நாலடி தள்ளித் தோண்டியிருக்கிறார்கள், அந்த நாலடி ரெக்கார்டில் ஏரிப் புறம்போக்கு.

"ரெக்கார்டு இப்டித்தாம்மா சொல்லுது. அந்த ஒண்ண மட்டும் பதினஞ்சு நாள்ல உள்ள மாத்திக்கங்க."

காலனி ஆட்களே, "நாலடிதான செல்வி, மாத்திக்கலாம். எல்லாம் நல்லபடியா முடிஞ்சிபோச்சி, இதுக்காக திரும்ப வம்பு எதுக்கு?" என்றார்கள். அவரவர் அப்பா அம்மா பத்திரமாகக் கல்லுக்கு உள்ளே இருந்தார்கள். பள்ளத்தின் விளிம்பில் உட்கார்ந்து அத்தனை பேர் கல்லறையையும் காப்பாற்றியவரிடம் அப்படிச் சொல்ல அவர்களுக்கு நாக்கு எப்படி வந்தது என்று எனக்கு வயிறு எரிந்தது. அக்கா அவர்கள் பக்கம் திரும்பக்கூட இல்லை. சர்வேயரிடம்தான் பேசினார்.

"அஞ்சு வருசமா தூங்கிக்கினு இருக்குது. எழுப்பி, தள்ளிப் படும்மான்னு சொல்லணுமா? கல்ல தள்ளி நடுங்க."

"அது என் கைல இல்லம்மா."

"இதுவும் என் கைல இல்லிங்க சார்."

கல் ரெக்கார்டுப்படிதான் நடப்பட்டது. நோட்டீஸ் வந்தது. பதினைந்து நாள் முடிந்தது, அக்கா மாற்றவில்லை. ஒவ்வொரு நாளும் யாராவது ஒருவர் சமாதானம் பேச வந்தார்கள், பேசிவிட்டுப் போனார்கள். புது கேமரா ஒன்றை நானாகக் கொண்டுபோய் அதே கம்பத்தில் மாட்டினேன். எந்தப் பக்கம் திருப்புவது என்று நான் கேட்கவில்லை. கல்லும், கல்லுக்கு வெளியே அந்த நாலடியும் தெரிகிற மாதிரி வைத்தேன். தை பிறந்தால் ஆள் வைத்துத் தோண்டி நாங்களே மாற்றிவிடுவோம் என்று ஆபீசில் சொல்லிவிட்டார்கள். அக்கா தூங்கவில்லை என்று குரலிலேயே தெரியும். ஒற்றை ஆளாக எத்தனை நாள் காவல் காப்பது? பஸ் முன்னால் ஏழு நாள் நிற்கலாம். இதற்குக் கணக்கே இல்லை.

பொங்கல் முடிந்த வாரம், மத்தியானம் போன் வந்தது. அழுதிருந்தார்.

"சின்னபொண்ணு செத்துட்டா தம்பி."

"அடடா. எப்பக்கா?"

"காலைல. போன தொறந்து வெய்யி. நாலு மணிக்கு எடுக்கறாங்க." மூக்கைச் சிந்திவிட்டு, "குழிய கல்லுக்கு அந்தாண்ட தோண்டியிருக்காங்க. கெழவி மவன்கிட்ட சொல்லிட்டு செத்திருக்கா, என்னிய செல்வி பொண்ணு பக்கத்துல போடுங்கடா, ஒண்ணுன்னா எடுப்பானுங்க, ரெண்டுன்னா யோசிப்பானுங்கன்னு. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல" என்றார். போனை வைத்துவிட்டார்.

கிழவியின் மகன் நெடுஞ்செழியன் நூறு நாள் வேலையை நம்பி இருப்பவன், பயந்த சுபாவம். கிராம அதிகாரி காலையிலேயே வந்து, கல்லைத் தாண்டிப் புதைத்தால் கேஸ் போடுவோம் என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டுப் போயிருந்தார். குழி தோண்டுவது வேறு, கல்லைத் தாண்டுவது வேறு. கல்லுக்கு உள்ளேயும் இடம் இருந்தது. கடைசி நிமிஷத்தில் எவனாவது ஒருவன், வேணாம்பா, உள்ளயே வெச்சிடலாம் என்று சொன்னால் போதும். டிசம்பரில் அவர்கள் பேசியதை நான் மறக்கவில்லை.

நாலரைக்கு ஊர்வலம் தெரிந்தது. முன்னால் சிலுவை, அடுத்து சாமியார், அடுத்து பெட்டி. நெடுஞ்செழியன் முன்பக்கம் தோள் கொடுத்திருந்தான். அக்கா வெனிலாவின் தலைமாட்டில் தனியாக நின்றார், யாரையும் கூப்பிடவில்லை. பெட்டி பெரிய சிலுவையைத் தாண்டி, குழந்தைகள் வரிசையைத் தாண்டி, கல்லுக்கு வந்தது. தூக்கியவர்கள் நின்றார்கள். நெடுஞ்செழியன் கல்லைக் குனிந்து பார்த்தான்.

அங்கே படம் உறைந்தது.

போனைத் தட்டினேன், உலுக்கினேன், கடைக்கு வெளியே ஓடி ரோட்டில் நின்று தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தேன். கவர் வாங்க வந்திருந்த ஒரு அம்மா, "யாருக்கு இன்னாங்க ஆச்சி?" என்று கேட்டார். சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது.

படம் வந்தபோது கல் அவர்களுக்குப் பின்னால் இருந்தது. பெட்டியை வெனிலாவுக்குப் பக்கத்தில் இறக்கிக்கொண்டிருந்தார்கள்.